செஸ்பெடிஸுக்கு ஃபுல்மர்: 2015 மெட்ஸ்–டைகர்ஸ் ட்ரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்க்கும் நண்பர்களோடு உட்கார்ந்தால், ஜூலை கடைசியில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த ஒரு ட்ரேடில், அதாவது வீரர் பரிமாற்றத்தில், வந்துதான் நிற்கும். 2015 ஜூலை 31 அன்று நியூயார்க் மெட்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸிடமிருந்து யோனிஸ் செஸ்பெடிஸ் என்ற பவர் ஹிட்டரை (பந்தை ஓங்கி அடிப்பவர்) வாங்கி, மைக்கேல் ஃபுல்மர் என்ற இளம் பிட்சரை (பந்து வீசுபவர்) கொடுத்தது. பத்து வருஷம் கடந்தும் "யார் ஏமாந்தது?" என்ற சண்டை ஓயவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டு என் பதிலை எழுதியிருக்கிறேன். நான் மெட்ஸ் ரசிகன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ப்ராஸ்பெக்ட்னு சொல்றாங்களே, அது யாரு? ஆட வராத பையனுக்கு எதுக்கு இவ்வளவு மதிப்பு?

ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே அதனோடு இணைந்த பல படிநிலை மைனர் லீக் அணிகள் உண்டு. பள்ளி, கல்லூரி முடித்த பையன்களை ட்ராஃப்டில் (அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரத் தேர்வு) எடுத்து, அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அவர்களில் மேலே வந்து சாதிப்பான் என்று நம்பப்படுகிறவன்தான் ப்ராஸ்பெக்ட். ஃபுல்மரை மெட்ஸ் 2011 ட்ராஃப்டில் 44வது ஆளாக, ஓக்லஹோமாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியிலிருந்து எடுத்தது. நான்கு வருஷம் கழித்து, ட்ரேட் நடந்த அன்று, அவர் இரண்டாம் மேல்படியான டபுள்-ஏ நிலையில் பிங்ஹாம்டன் அணிக்கு வீசிக்கொண்டிருந்தார். ஆட்டமில்லாத குளிர்காலத்தில் சொந்த ஊரில் பிளம்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன் அவர்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், மேலே வந்த பிறகு ஏறக்குறைய ஆறு சீசன் அந்த வீரர் அணியின் பிடியில் இருப்பார். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2015இல் அது 5,07,500 டாலர். செஸ்பெடிஸ் அதே வருஷம் வாங்கியது 1.05 கோடி டாலர். பையன் நன்றாக வந்துவிட்டால் அணிக்கு அதைவிட லாபமான சொத்து வேறு கிடையாது.

பணம் கொடுத்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்குப் பசங்களைக் கொடுக்கணும்?

நல்ல கேள்வி, பலரும் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியும் இதுதான். பெரிய வீரரை வெறும் பணத்துக்கு விற்பதை லீக் விரும்புவதில்லை. 1976இல் ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி, மூன்று நட்சத்திரங்களை மொத்தம் 35 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும் யாங்கீஸுக்கும் விற்றார். பேஸ்பால் ஆணையர் போவி கூன் அந்த விற்பனையை ரத்தே செய்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது.

மற்ற அமெரிக்க விளையாட்டுகளில் அடுத்த வருஷ ட்ராஃப்ட் முறையைக் கைமாற்றலாம். பேஸ்பாலில் சில சிறு விதிவிலக்கு தவிர அதுவும் முடியாது. ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும், அங்கே இப்படி அணியோடு இணைந்த கீழ்ப்படிகள் இல்லாததால் மாற்றிக்கொள்வது தெரிந்த வீரர்களைத்தான், இல்லையென்றால் பணம். இங்கே நாணயம் என்பதே ப்ராஸ்பெக்ட்தான்.

சரி, யார் யாருக்கு என்ன கொடுத்தாங்க, முழுசா சொல்லுங்க.

டைகர்ஸ் கொடுத்தது செஸ்பெடிஸ் ஒருவரை. மெட்ஸ் கொடுத்தது ஃபுல்மரையும், லூயிஸ் செஸ்ஸா என்ற இன்னொரு பிட்சரையும். அந்த சீசனில் ட்ரேட் செய்வதற்கான கெடு அன்று மாலை 4 மணி, அதற்குச் சில நிமிடம் முன்னால்தான் முடிந்தது.

செஸ்பெடிஸ் கியூபாவிலிருந்து வந்தவர். 2012இல் ஓக்லண்ட் அவரை நான்கு வருஷத்துக்கு 3.6 கோடி டாலருக்கு எடுத்தது, அந்த ஒப்பந்தம் 2015 சீசனோடு முடிகிறது. அதாவது மெட்ஸ் வாங்கியது இரண்டு மாதம், கூடவே ஒருவேளை பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள். சீசன் நடுவில் வந்தவர் என்பதால், அவர் விட்டுப்போனால் ஈடாக ஒரு ட்ராஃப்ட் முறை கூடக் கிடைக்காது. இப்படி வருகிறவரை "வாடகை வீரர்" என்பார்கள்.

ரெண்டு மாசத்துக்கு ஆறு வருஷத்தைக் கொடுக்கிறது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

காகிதத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஆறு வருஷம் என்பது ஃபுல்மர் மேலே வந்து, தாக்குப்பிடித்து, தோள்பட்டையும் முழங்கையும் உடையாமல் இருந்தால் கிடைக்கிற ஆறு வருஷம். டபுள்-ஏ பிட்சர்களில் எத்தனையோ பேர் மேலே ஒரு ஆட்டம் கூட வீசாமல் காணாமல் போகிறார்கள். இரண்டு மாதமோ கையில் இருக்கும் காசு.

அதைவிட முக்கியமானது, அன்றைய மெட்ஸிடம் எது மிச்சம் இருந்தது என்பது. ஜேக்கப் டிகிராம், மேட் ஹார்வி, நோவா சின்டர்கார்ட், ஸ்டீவன் மாட்ஸ், முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுவந்துகொண்டிருந்த ஸேக் வீலர், ஐந்து பேருமே இளைஞர்கள், ஐந்து பேருமே குறைந்த சம்பளம். ஃபுல்மர் அந்த வரிசையில் ஆறாவது. அடிக்க ஆள் இல்லாத வீட்டில் ஆறாவது பிட்சரைப் பூட்டி வைத்து என்ன செய்வது?

மெட்ஸ் அந்த நேரத்துல அவ்வளவு மோசமாவா இருந்தாங்க?

அடிப்பதில், ஆமாம். ஜூலை 23 அன்று டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷாவுக்கு எதிராக மெட்ஸ் இறக்கிய வரிசையை நான் இன்னும் மறக்கவில்லை. பேட்டிங் வரிசையில் நான்காவது, ஐந்தாவது இடங்கள் அணியின் பலசாலிகளுக்கானவை. அன்று அங்கே நின்ற ஜான் மேபெரி, எரிக் கேம்பல் இருவரின் சராசரியும் .180க்குக் கீழே, அதாவது நூறு முறை மட்டையோடு நின்றால் பதினெட்டு ஹிட் கூட வராது. கெர்ஷா அந்த ஆட்டத்தை ஒரு ரன் கூடக் கொடுக்காமல் தானே முடித்தார். இப்படிப்பட்ட அடியை வைத்துக்கொண்டு, பிட்சர்கள் புண்ணியத்தில், மெட்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு மூன்று ஆட்டம் மட்டுமே பின்னால் இருந்தது. 2006க்கு அப்புறம் பிளேஆஃப் பார்க்காத அணி, 2009 முதல் ஆறு சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம்.

ஜூலை 29இல் இன்னொரு வேதனை. மில்வாக்கியிலிருந்து கார்லோஸ் கோமஸை வாங்க வீலரையும் வில்மர் ஃப்ளோரஸையும் கொடுக்கிறார்கள் என்று ஆட்டம் நடக்கும்போதே செய்தி பரவியது. பதினாறு வயதிலிருந்து இந்த அணியிலேயே வளர்ந்த ஃப்ளோரஸ், களத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமஸின் இடுப்புப் பற்றிய மருத்துவச் சந்தேகத்தில் அந்த ட்ரேட் முறிந்தது. இரண்டு நாள் கழித்து செஸ்பெடிஸ் கிடைத்தார். அன்று இரவே நேஷனல்ஸுக்கு எதிராக, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸும் தாண்டி 12வது இன்னிங்ஸில், ஆட்டத்தை முடித்த ஹோம் ரன்னை (பொதுவாகப் பந்து எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தது அதே ஃப்ளோரஸ். அந்த இரவைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் சுருக்கமாகச் சொல்வதில்லை, இங்கே இடம் கருதி நிறுத்துகிறேன்.

செஸ்பெடிஸ் வந்து என்னதான் கிழிச்சார்?

57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன். டெட்ராய்ட்டில் அதே வருஷம் 102 ஆட்டத்தில் அடித்தது 18. ஆகஸ்ட் 21 அன்று கொலராடோவில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன், அவர் மட்டையிலிருந்து ஏழு ரன். அவர் களமிறங்கிய ஆகஸ்ட் 1 முதல் 59 ஆட்டத்தில் 37 வெற்றி. மெட்ஸ் 90 வெற்றியோடு பிரிவை வென்றது, நேஷனல்ஸுக்கு 83.

எண்களைவிட எனக்கு அந்த செப்டம்பர் வாஷிங்டன் தொடர்தான் முக்கியம். செப்டம்பர் 8 அன்று 7–1 என்று பின்தங்கி, ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் மெட்ஸ் வீரர்கள் நின்றிருந்தபோது செஸ்பெடிஸ் அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) மூவரும் ஓடி வந்தார்கள், கடைசியில் 8–7 வெற்றி. மறுநாள் எட்டாவது இன்னிங்ஸில் ட்ரூ ஸ்டோரன் பந்தில் ஹோம் ரன். நேஷனல்ஸின் சீசன் அந்த இரண்டு ராத்திரியில் முடிந்தது.

அவர் ஒருத்தராலயா எல்லாம்? மத்தவங்களும் அதே நேரத்துல வந்தாங்களே?

வந்தார்கள், இதை மறைக்கக் கூடாது. ஜூலை 24இல் மைக்கேல் கன்ஃபோர்ட்டோ மைனர் லீக்கிலிருந்து ஏறினார். அதே நாள் அட்லான்டாவிலிருந்து ஹுவான் உரிபேயும் கெல்லி ஜான்சனும் வந்தார்கள். காயத்திலிருந்து கேட்சர் ட்ராவிஸ் டார்னோ திரும்பினார், ஆகஸ்ட் 24இல் கேப்டன் டேவிட் ரைட் திரும்பினார். இரண்டு மாதத்தில் ஒரு ஹிட்டர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் கூடுதலாகத் தருவது இரண்டு மூன்று வெற்றிதான், கணக்கு அப்படி. வித்தியாசமோ ஏழு ஆட்டம். அவர் இல்லாமலே பிரிவை வென்றிருப்பார்கள் என்று ஒருவர் வாதிட்டால் என்னால் பொய் என்று நிரூபிக்க முடியாது.

ஆனால் ஜூலை 31 மதியம் அந்த ஏழு ஆட்ட வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தது மூன்று ஆட்டம் பின்னால் என்பதும், மேலே சொன்ன அந்தப் பேட்டிங் வரிசையும்தான். இரண்டு மூன்று வெற்றிக்குத்தான் அன்று அதிக விலை.

2016ல ஃபுல்மர் ரூக்கி ஆஃப் த இயர் ஆயிட்டாரே! அப்ப மெட்ஸ் ஏமாந்ததுதானே?

ஃபுல்மரின் 2016 உண்மையிலேயே அழகான சீசன். 11 வெற்றி, 7 தோல்வி, ஈஆர்ஏ 3.06, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ரன்னுக்குச் சற்று மேல். நடுவில் தொடர்ந்து 33 இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. சிறந்த புதுமுக வீரருக்கான அந்த ரூக்கி விருதில், முதல் இடத்துக்கான 30 வாக்கில் 26 அவருக்கு. வீசியது 159 இன்னிங்ஸ், ஈஆர்ஏ பட்டியலில் இடம்பெற 162 வேண்டும், மூன்று இன்னிங்ஸில் அந்தப் பட்டியலே தவறிப்போனது.

ஆனால் அவர் நன்றாக ஆடியது டெட்ராய்ட் சரியாகத் தேர்ந்தெடுத்ததைக் காட்டுகிறது, மெட்ஸ் தப்பு செய்ததைக் காட்டவில்லை. ஒருவர் லாபம் அடைந்தால் எதிரே இருப்பவர் நஷ்டப்பட்டே ஆக வேண்டும் என்று ட்ரேடில் எந்த விதியும் கிடையாது. ஒருவருக்கு நாளை வேண்டும், இன்னொருவருக்கு இன்று வேண்டும், அதனால்தானே பேச்சுவார்த்தையே தொடங்கியது.

அப்புறம் ஃபுல்மர் கை போச்சுல்ல, கடைசியில மெட்ஸ்தான் ஜெயிச்சாங்கன்னு சொல்லலாமா?

எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். 2017இல் நட்சத்திரங்களின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு, அதே வருஷம் முழங்கை நரம்பில் அறுவை சிகிச்சை. 2018இல் 3 வெற்றி, 12 தோல்வி. 2019 மார்ச்சில் முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுக்கப் போயிற்று. 2021இல் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) மீண்டு வந்து நன்றாகவே வீசினார். 2022இல் டைகர்ஸ் அவரை மினசோட்டாவுக்கு அனுப்பியது.

ஒரு பையனின் முழங்கை உடைந்ததால் நான்கு வருஷம் முன்னால் எடுத்த முடிவு சரியாகிவிடாது. 2016இல் அவர் ஜொலித்தபோது "மெட்ஸ் தோற்றது" என்று தீர்ப்பு எழுதியவர்கள் செய்த அதே தவறைத்தான், 2019இல் "மெட்ஸ் ஜெயித்தது" என்று திருப்பி எழுதியவர்களும் செய்தார்கள்.

உலகத் தொடரைத் தோத்துட்டாங்களே, அப்ப எல்லாம் வீண்தானே?

கோப்பைக்கான அந்த இறுதித் தொடரில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸிடம் 4–1 என்று தோற்றார்கள். செஸ்பெடிஸ் அந்தத் தொடரில் 20 முறைக்கு மூன்று ஹிட் மட்டுமே. முதல் ஆட்டத்தில் மெட்ஸ் வீசிய முதல் பந்தே அல்சிடெஸ் எஸ்கோபார் மட்டையிலிருந்து சென்டர் ஃபீல்டுக்குப் போனது, செஸ்பெடிஸ் அதைச் சரியாகப் பிடிக்காமல் தட்டிவிட, எஸ்கோபார் மைதானத்துக்குள்ளேயே ஓடி ஹோம் ரன் எடுத்துவிட்டார். நான்காவது ஆட்டம் முடிவுக்கு வந்ததுகூட, இவர் முதல் பேஸுக்குத் திரும்ப முடியாமல் அவுட் ஆனதில்தான். பார்க்க வலித்தது.

வீணா என்றால், இல்லை. டாட்ஜர்ஸை வென்று, கப்ஸை நான்குக்கு நான்கு வென்று, நவம்பர் 1 வரை ஆடினார்கள். கோப்பை வாங்கினால்தான் ட்ரேட் சரி என்றால், ஒரு வருஷத்தில் ஒரே ஒரு அணி தவிர மற்ற எல்லோரும் தப்பு செய்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

2016ல அவரைத் திரும்ப ஒப்பந்தம் பண்ணாங்களே, அதையும் இந்த ட்ரேட் கணக்குல சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. 2016 ஜனவரியில் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியும் எடுத்திருக்கலாம். மெட்ஸ் 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, அவர் அந்த வருஷம் 31 ஹோம் ரன் அடித்தார். அடுத்த குளிர்காலத்தில் நான்கு வருஷத்துக்கு 11 கோடி டாலர், அதில் பாதிக்கு மேல் காயத்தில் கரைந்தது. நல்லதைச் சேர்த்துக்கொண்டு கெட்டதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு, தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. இரண்டையுமே விடுங்கள், அவை தனி முடிவுகள்.

டெட்ராய்ட் பக்கம் நியாயம் என்ன? செஸ்ஸா என்ன ஆனார்?

2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை பிரிவை வென்ற அணி, 2015இல் சரிந்தது. இந்த ட்ரேடுக்கு முந்தைய நாளே பிட்சர் டேவிட் பிரைஸை டொரன்டோவுக்குக் கொடுத்திருந்தார்கள். எப்படியும் போகப்போகிற செஸ்பெடிஸுக்கு ஃபுல்மர் கிடைத்தது அருமையான வேலை. அதைச் செய்த பொது மேலாளர் டேவ் டோம்ப்ரோவ்ஸ்கியை நான்கு நாளில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலமே ஜோர்டன் ஸிமர்மன், ஜஸ்டின் அப்டன் என்று பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். விற்கிற அணியா வாங்குகிற அணியா என்று முடிவெடுக்காமலே ஃபுல்மரின் நல்ல வருஷங்கள் போயின. 2017இல் 98 தோல்வி, அப்போதும் அவரைக் கையிலேயே வைத்திருந்தார்கள். டெட்ராய்ட்டின் தப்பு அங்கே இருக்கிறது, ட்ரேடில் இல்லை.

செஸ்ஸா சில மாதத்திலேயே ரிலீவர் ஜஸ்டின் வில்சனுக்காக யாங்கீஸுக்குப் போனார். வில்சனை 2017இல் கப்ஸுக்கு அனுப்பியதில் ஹெய்மர் கண்டெலாரியோவும் ஐசக் பரேடெஸும் வந்தார்கள். 2021இல் கண்டெலாரியோ 42 டபுள் அடித்தார், பரேடெஸ் பிறகு டாம்பா போய் 2023இல் 31 ஹோம் ரன். பின்தொடர்ந்து பார்க்கச் சுவையான சங்கிலி. ஆனால் இதையும் 2015 கணக்கில் எழுதாதீர்கள், காரணம் முந்தைய பதிலில் உள்ளதேதான்.

எப்பவுமே ப்ராஸ்பெக்ட்டைக் கொடுத்தவன்தானே அழுறான்? ஸ்மோல்ட்ஸ், பியூனர்னு எத்தனை உதாரணம்!

அழுத கதைகள்தான் நினைவில் நிற்கும், அதனால் அப்படித் தோன்றுகிறது. 1988இல் யாங்கீஸ், கென் ஃபெல்ப்ஸ் என்ற பவர் ஹிட்டருக்காக ஜே பியூனரைச் சியாட்டலுக்குக் கொடுத்தது, பியூனர் வாழ்நாளில் 310 ஹோம் ரன் அடித்தார். அது கெட்ட ட்ரேட்தான். 1987இல் டைகர்ஸ், டாயல் அலெக்சாண்டருக்காக மிச்சிகன் பையனான ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பேஸ்பாலின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தது 2015 ஜூலை 26, செஸ்பெடிஸ் ட்ரேடுக்கு ஐந்து நாள் முன்னால். டெட்ராய்ட்காரர்கள் ஃபுல்மரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அலெக்சாண்டர் அன்று வந்து 9 வெற்றி, தோல்வியே இல்லை, டைகர்ஸ் பிரிவை வென்றது. அதை யாரும் சொல்வதில்லை.

மெட்ஸே எதிர்ப்பக்கம் நின்றதும் உண்டு. 2011இல் கார்லோஸ் பெல்ட்ரானை சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து வாங்கியதுதான் மேலே சொன்ன ஸேக் வீலர். பெல்ட்ரான் அங்கே .323 அடித்தும் ஜயன்ட்ஸ் பிளேஆஃப் போகவில்லை.

ஹுவான் சோட்டோ ட்ரேடும் இதே மாதிரிதானே?

ஒரே மாதிரி இல்லை. 2022 ஆகஸ்டில் சான் டியேகோ வாங்கிய நட்சத்திர ஹிட்டர் சோட்டோவுக்கு 23 வயது, அந்த சீசன் போக இன்னும் இரண்டு சீசன் பிடி மிச்சம். அதனால் விலை ஜேம்ஸ் வுட், சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர் என்று ஒரு கூட்டமே. மிச்சத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பதும் வேரோடு பிடுங்கிக் கொடுப்பதும் வேறு வேறு. அதைச் செஸ்பெடிஸ் தராசில் வைக்காதீர்கள்.

நீங்க மெட்ஸ் ரசிகர், அதனாலதான் மெட்ஸுக்குச் சாதகமா பேசுறீங்க. இதே அளவுகோலை உங்க டீமோட மத்த ட்ரேடுக்கும் வைப்பீங்களா?

வைக்கிறேன். 2018 டிசம்பரில் மெட்ஸ், சியாட்டலிடமிருந்து ராபின்சன் கனோவையும், ஆட்டத்தின் கடைசியில் வந்து வீசும் க்ளோஸரான எட்வின் டியாஸையும் வாங்கி, அந்த வருஷமே ட்ராஃப்டில் ஆறாவது ஆளாக எடுத்த ஜேரட் கெலெனிக்கையும் இன்னும் சிலரையும் கொடுத்தது. அன்று மெட்ஸ் 77 வெற்றி மட்டுமே எடுத்து முடித்த அணி, மூன்று ஆட்டம் பின்னால் நின்ற அணி இல்லை. கெலெனிக் ஆறாவது பிட்சர் மாதிரி மிச்சமும் இல்லை, அவருக்கு மாற்று கிடையாது. கனோவுக்கு 36 வயது, ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் பாக்கி, அந்த வருஷமே ஊக்கமருந்து விதியில் 80 ஆட்டம் தடைபட்டவர். கையில் காசும் இல்லை, அவசரமும் இல்லை, பொருளும் பழசு.

பிறகு கெலெனிக் எதிர்பார்த்த அளவு வரவில்லை, டியாஸ் 2022இல் 1.31 ஈஆர்ஏவோடு 32 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார். "பார்த்தீர்களா, கடைசியில் மெட்ஸுக்குத்தான் லாபம்" என்று எங்கள் ஆட்களே இப்போது சொல்கிறார்கள். டியாஸ் வீச வரும்போது நானும் எழுந்து நின்று கைதட்டியவன்தான். ஆனாலும் 2018 டிசம்பரில் அந்த ட்ரேட் தப்பு, இன்றைக்குக் கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்வேன்.